பாஸிடம் என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும்?

வீடமைப்புப் பாடம்



பேராதனையில் இருந்து கலஹா பாதையில் ஏறி தெல்தோட்டைப் பக்கம் போனாலும், கம்பளை வழியாக புசல்லாவைக்குப் போனாலும், ஹந்தானை மேட்டில் நின்று பார்த்தாலும் இன்று ஒரு காட்சியைக் காணலாம். பழைய லயங்களுக்குப் பக்கத்தில் புது வீடுகள் எழும்புகின்றன. சில வீடுகளுக்கு வர்ணமும் பூசி, வாசலில் மாவிலையும் கட்டியாகி விட்டது. சில வீடுகள் லின்டல் மட்டத்தோடு நின்று, சுவரில் பாசி பிடித்துப் போயிருக்கின்றன.

வீடு பாதியில் நிற்பதற்குப் பணக் குறைவு மட்டும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பணமும் ஒரு காரணம்தான். ஆனால் நலன்புரி வேலையில் நான் விசாரித்த வீட்டுப் பிணக்குகளில் பெரும்பாலானவை, வீட்டுக்காரரும் பாஸும் பேச வேண்டியதை பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டதால் வந்தவை. ஆகவே இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. நமக்கு இது ஏன் புதிது?

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பு கோப்பிக் காலத்திலேயே லயங்கள் வந்து விட்டன. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதைக் கட்டியது தோட்டம். கூரை ஒழுகினால் தகரம் மாற்றியதும் தோட்டம். நம் தாத்தா பாட்டி யாரும் மேசனிடம் நின்று "இந்தச் சுவர் எங்கே வரணும்?" என்று கேட்டதில்லை. கேட்க இடமும் இருக்கவில்லை.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. அதே காலத்தில் வீடமைப்புக்கும் நலன்புரிக்கும் என்று டிரஸ்ட் உருவானது. அதன்பின் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. தொழிலாளி கடன் எடுத்து, தானே நின்று வீடு கட்டி, செக்ரோலில் மாதா மாதம் கழித்துக் கட்டும் முறை வந்தது.

வடக்கு கிழக்கில் இந்திய உதவியுடன் நடந்த வீடமைப்பில் இருந்தும் பாடம் படிக்கலாம். முதல் 1,000 வீடுகள் ஒப்பந்தக்காரர் மூலம் கட்டப்பட்டு 2012இல் முடிந்தன. அதே வருடம் தொடங்கிய அடுத்த கட்டத்தில், பெரும்பாலான குடும்பங்களுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்குக்கே போனது. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, பொருள் வாங்கி, வேலையைக் கவனித்தார்கள். மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2024 பெப்ரவரியில் அவற்றின் முதல் தொகுதி வேலை தொடங்கி வைக்கப்பட்டது.

கடன் வீடோ, உதவி வீடோ, வீட்டுக்காரரும் இன்று வேலையில் ஒரு பங்காளி. வேடிக்கை பார்க்கிறவர் அல்ல. பங்காளி என்றால் பேசத் தெரிய வேண்டும்.

2. பாஸ் வருமுன் வீட்டுக்குள் பேசுங்கள்

வழக்கமாக என்ன நடக்கிறது? பாஸிடம் பேசுவது வீட்டு ஐயா. குசினியில் நின்று வேலை செய்யப் போவது அம்மா. பிளானைப் பார்த்தது ஐயா. அடுப்பு எங்கே வரும் என்று அம்மாவுக்குத் தெரியாது. சுவர் எழும்பிய பிறகுதான், "ஐயோ, யன்னல் மேட்டுப் பக்கமா வந்திருச்சே, பகல்லயும் லைட்டு போடணுமே" என்று சத்தம் வருகிறது.

ஆகவே முதல் கூட்டம் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். கணவன், மனைவி, வயதான அப்பா அம்மா, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் உட்காருங்கள். காணி ஏழு பேர்ச் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மிச்ச இடத்தில்தான் மலசலகூடக் குழி, தண்ணீர் டாங்கி, விறகு, கோழிக்கூடு, மரக்கறிப் பாத்தி எல்லாம் வர வேண்டும். காணியில் ஈர்க்குக் குச்சியும் கயிறும் வைத்து அறைகளை அடையாளம் போட்டு, உள்ளே நடந்து பாருங்கள். படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் பிளான் அப்போது விளங்கும்.

பேசி முடித்ததும் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். பாஸிடம் கடைசி வார்த்தை சொல்வது அந்த ஒருவர் மட்டும். ஐயா கொழும்பில் கடையில் வேலை, போனில் ஒன்று சொல்வார். அம்மா மலையில் இருந்து வந்து வேறொன்று சொல்வார். மச்சான் வந்து மூன்றாவது ஒன்று சொல்வார். பாஸ் யார் சொல்லைக் கேட்பது? பகலில் தோட்டத்தில் இருப்பவரே அந்த ஒருவராக இருப்பது நல்லது. அது அம்மாவாக இருந்தால் அதை ஐயாவே பாஸிடம் நேரில் சொல்லி வைக்க வேண்டும்.

3. இடத்தைப் பற்றிய பேச்சு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மறுபடியும் மலைகள் சரிந்தன. எச்சரிக்கை உரிய காதில் போய்ச் சேர்ந்து, அதன்படி நடந்தால்தான் உயிர் தப்பும்.

கண்டி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அந்தக் கடிதத்தை அலுமாரியில் பூட்டி வைத்தால் போதாது. அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு விளங்கிக்கொண்டு, பாஸுக்கும் சொல்லுங்கள். மேட்டை எவ்வளவு வெட்டலாம், மழைத் தண்ணீர் கான் எந்தப் பக்கம் போக வேண்டும், தாங்கு சுவர் எங்கே வர வேண்டும் என்பன வேலை தொடங்குமுன் முடிவாக வேண்டியவை.

"இன்னும் ரெண்டு அடி மேட்ட வெட்டினா வாசல் பெருசா வரும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வெட்டிய மேடு முதல் அடைமழையில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு உத்தியோகத்தரிடம் அறிவியுங்கள்.

4. "நல்லா செஞ்சு குடுங்க" என்பது பேச்சல்ல

இந்தப் பேச்சைக் கவனியுங்கள்.

வீட்டுக்காரர்: பாஸ், எல்லாம் நல்லா செஞ்சு குடுங்க.
பாஸ்: அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் அண்ணே.
வீட்டுக்காரர்: சீக்கிரமா முடிச்சிருவீங்கதானே?
பாஸ்: முடிச்சிருவோம், முடிச்சிருவோம்.

இருவரும் சந்தோஷமாகப் பிரிந்து விட்டார்கள். ஆனால் எதுவும் பேசப்படவில்லை. "நல்லா" என்றால் என்ன? "சீக்கிரம்" என்றால் தீபாவளிக்கா, தைப்பொங்கலுக்கா? அட்வான்ஸ் எவ்வளவு? கையாள் கூலி யார் கொடுப்பது?

இப்போது இதைப் பாருங்கள்.

வீட்டுக்காரம்மா: பாஸ் அண்ணே, குசினி யன்னல் எந்தப் பக்கம் வருது?
பாஸ்: பிளான்ல மேட்டுப் பக்கம் இருக்கு தங்கச்சி.
வீட்டுக்காரம்மா: அந்தப் பக்கம் மண்ணுதானே. வெளிச்சம் வராது, பொகையும் போகாது. பள்ளத்துப் பக்கம் மாத்த ஏலுமா?
பாஸ்: ஏலும். ஆனா டீ.ஓ. ஐயா சொல்லணும். நானா மாத்தினா அடுத்த தவணைய நிறுத்திப்புடுவாங்க.
வீட்டுக்காரம்மா: மாத்தினா செலவு கூடுமா?
பாஸ்: இப்ப சொன்னா ஒண்ணும் இல்ல. சுவர் எழும்பின பொறகு சொன்னா ரெண்டு நாள் கூலியும் கல்லும் வீண்.
வீட்டுக்காரம்மா: அப்ப நாளைக்கே ஐயாவப் பாத்து கேட்டுட்டு வந்து சொல்றேன். அது வரைக்கும் அந்தச் சுவர வைங்க, மத்தச் சுவரப் பாருங்க.

இரண்டாவது பேச்சில் பக்கம், செலவு, யாருடைய அனுமதி, எந்த நாள் என்ற நான்கும் வந்து விட்டன. யாரும் கோபப்படவில்லை. பாஸுக்கும் மரியாதை குறையவில்லை. அவர் தொழில் அறிந்தவர். "ஏன் இப்படி?" என்று அதட்டுவதை விட, "இது எப்படி வரும்னு சொல்லுங்க பாஸ்" என்று கேட்டால் அவரே மனம் விட்டு விளக்குவார்.

5. சிங்கள பாஸ் வந்தால்

நமது பகுதியில் பாஸ்மார் பலர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வருகிற சிங்களச் சகோதரர்கள். நம்மில் பலருக்கு கடைச் சிங்களம் தெரியும், கட்டிடச் சிங்களம் தெரியாது. பயப்பட வேண்டாம். அத்திவாரத்துக்கு அவர்களும் "அத்திவாரம" என்றுதான் சொல்கிறார்கள். அடி என்றால் அவர்களுக்கும் அடிதான். சுவர் "பித்திய", கூரை "வஹலய", கதவு "தொர", மணல் "வெலி". இந்த நான்கைப் படித்துக்கொண்டால் பாதி வேலை ஓடும்.

மிச்சத்துக்கு இலக்கத்தை எழுதிக் காட்டுங்கள். 3 அடி என்று எழுதினால் இரண்டு பாஷைக்காரருக்கும் அது மூன்று அடிதான். நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சிங்களம் தெரிந்தால் கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணப் பேச்சுக்குப் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். அதற்கு இரண்டு பாஷையும் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும்.

"ஹெட்ட எனவா" என்றால் நாளைக்கு வருவேன் என்று அர்த்தம். எந்த நாளைக்கு என்பதைக் கலண்டரில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்!

6. கொப்பியும் பணமும்

ஒரு தோட்டத்தில் நான் விசாரித்த பிணக்கு இது. அட்வான்ஸ் வாங்கிய பாஸ் மூன்று வாரமாக வரவில்லை. மழைக்காலம். குடும்பம் தகரக் கொட்டிலில் இருக்கிறது, கைப்பிள்ளைக்கு இருமல். வீட்டுக்காரர் 60 ஆயிரம் கொடுத்தேன் என்கிறார். பாஸ் 45 ஆயிரம்தான் வாங்கினேன் என்கிறார். இருவரும் கோயிலில் சத்தியம் செய்யவும் தயார்.

இரண்டு பேரையும் உட்கார வைத்து, நாள் நாளாகக் கேட்டு எழுதினேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மிச்ச 15 ஆயிரத்தை வீட்டுக்காரரின் தம்பி டிப்பர்காரரிடம் மணலுக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் அதையும் பாஸின் கணக்கில் சேர்த்து விட்டார். தன்னைக் கள்ளன் என்று சொல்லி விட்டார்களே என்ற கோபத்தில்தான் பாஸ் வராமல் நின்றிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை வேலை மறுபடி தொடங்கியது.

ஆகவே ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். வீட்டுக் கணக்கு, பலசரக்குக் கணக்கு எதையும் அதில் கலக்க வேண்டாம். முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்:

(அ) என்னென்ன வேலை. பூச்சு, நிலம், மலசலகூடம், குசினி மேடை இதில் சேருமா சேராதா.
(ஆ) கூலி முழுத் தொகைக்கா, நாள் சம்பளத்துக்கா.
(இ) கையாள் கூலி, சாப்பாடு, தேத்தண்ணி யார் பொறுப்பு.
(ஈ) பொருள் வாங்குவது யார், ஏற்றுக்கூலி யார்.
(உ) தொடங்கும் திகதி, முடியும் திகதி. மழையால் நின்ற நாள் எப்படிக் கணக்கு.
(ஊ) பொருள் விலை ஏறினால் என்ன செய்வது.

கடைசி விஷயம் சிறியதல்ல. 2022 நெருக்கடியில் சீமெந்து விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் நின்ற வீடுகள் பல. விலை ஏறினால் எந்த வேலையை முதலில் முடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்தவர்கள் கூரையையாவது போட்டுக்கொண்டார்கள்.

கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். உதாரணமாக மொத்தக் கூலி 100 பங்கு என்றால்:

வேலை தொடங்க – 10
அத்திவாரம் முடிய – 20
சுவர் லின்டல் மட்டம் வர – 25
கூரை முடிய – 20
பூச்சும் நிலமும் முடிய – 15
எல்லாம் பார்த்து, குறை திருத்திய பிறகு – 10

வேலை முந்த வேண்டும், பணம் பின்னால் போக வேண்டும். அதேபோல முடித்த வேலைக்குக் கூலியை இழுத்தடிப்பதும் பாவம். பாஸுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. உதவித் திட்டத்தின் தவணை பிந்துகிறது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். "பத்து நாள் சுணங்கும் பாஸ்" என்று முன்னமே சொன்னால் அவர் அந்தப் பத்து நாளைக்கு வேறு வேலை பிடித்துக்கொண்டு, முடிந்ததும் திரும்பி வருவார். காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் திகதி, தொகை, இரண்டு பேர் கையெழுத்து கட்டாயம்.

7. மூடுமுன் பார்க்க வேண்டிய நான்கு

நாம் காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறோம். அதற்குள் பாஸ் ஒரு நாள் வேலையை முடித்து விடுவார். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆனால் ஒருமுறை மூடினால் பிறகு பார்க்கவே முடியாத நான்கு விஷயங்கள் உண்டு. "இந்த நாலையும் நான் பார்க்காம மூடாதீங்க பாஸ்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஒன்று, அத்திவாரக் கான். அடியில் இறுகிய மண் வந்திருக்கிறதா, தளர்ந்த மண்ணிலேயே கல் அடுக்குகிறார்களா? மூலைகள் நேரா என்று நீங்களே பார்க்கலாம். மூலையில் இருந்து ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் சரியாக 10 அடி வர வேண்டும்.

இரண்டு, கொங்கிறீட் போடுமுன் கம்பி. எத்தனை கம்பி, என்ன மொத்தம் என்று பிளானில் இருக்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கும் நாளில் பாஸும் நீங்களும் சேர்ந்து நில்லுங்கள். அவர் சொல்வதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் பிறகு "அவர் அப்படிச் சொல்லல" என்ற பேச்சு வராது.

மூன்று, பூசுமுன் தண்ணீர்க் குழாயும் கரண்ட் குழாயும். எங்கே போகிறது என்று கொப்பியில் படம் கீறி வையுங்கள். பிறகு சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும்.

நான்கு, கூரை மரம். சுவரோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதா? நம் மலைக் காற்றுக்குத் தகரத்தில் கல் ஏற்றினால் போதாது.

கலவை விஷயத்திலும் சண்டை வேண்டாம், அளவு வேண்டும். 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடியுங்கள். அது 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் அளவு. 1:2:4 கொங்கிறீட் என்றால் ஒரு பை சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லிக்கல். தாச்சிக் கணக்கில் போட்டால் ஒவ்வொரு கையாளுக்கும் ஒவ்வொரு தாச்சி. பெட்டி இருந்தால் நீங்கள் மலையில் இருக்கும்போதும் அளவு மாறாது.

இன்னொன்று தண்ணீர் ஊற்றுவது. கொங்கிறீட்டையும் பூச்சையும் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஊற்றுவார் என்று பாஸ் நினைப்பார். பாஸ் ஊற்றுவார் என்று வீட்டுக்காரர் நினைப்பார். சுவர் வெடிக்கும்! யார் ஊற்றுவது என்று பெயர் குறித்துப் பேசுங்கள். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் வீட்டுக்காரர், மத்தியானம் கையாள் என்று பங்கு போட்டுக்கொள்ளலாம்.

8. பிணக்கு வந்தால்

கோபத்தோடு லயத்து வாசலில் நின்று கத்தினால் தோட்டம் முழுக்கக் கேட்கும், வேலை மட்டும் நடக்காது. பின்வரும் ஒழுங்கில் போங்கள்.

முதலில் பாஸிடம் தனியாக, கொப்பியோடு பேசுங்கள். கையாட்கள் முன்னால் அவரைக் குறை சொல்ல வேண்டாம். முடியாவிட்டால் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் அறிவியுங்கள். அதன்பின் நலன்புரி உத்தியோகத்தர், தொழில்நுட்ப உத்தியோகத்தர். தோட்டத் தலைவரையும் கூட்டி வரலாம். இவற்றிலும் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி ஏற்பட்ட சபை அது. அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை. நம் பக்கத்து நியாயத்தை நாமே சொல்லலாம். அங்கேயும் முதலில் கேட்பது "எழுத்து ஏதும் இருக்கா?" என்பதுதான்.

கடனுக்கு வாங்கிய வீடு என்றால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். சுவர் வெடித்தாலும், கூரை ஒழுகினாலும், வேலை பாதியில் நின்றாலும் செக்ரோலில் கழிவது நிற்காது. ஒரு பேர் சம்பளத்துக்காக எத்தனை கிலோ கொழுந்து எடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும். அந்த உழைப்பு சுவராக நிற்க வேண்டும்.

கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

சங்கக் கூட்டத்திலோ, பிள்ளை மடுவத்துத் தாய்மார் கூட்டத்திலோ இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. உங்கள் வீட்டில் பாஸிடம் பேசுவது யார்? ஏன் அவர்?
2. "நல்லா செஞ்சு குடுங்க" என்பதற்குப் பதிலாக உங்கள் வீட்டுக் கூரையைப் பற்றி மூன்று தெளிவான கேள்விகள் சொல்லுங்கள்.
3. தவணை பத்து நாள் பிந்துகிறது. இதைப் பாஸிடம் எப்படிச் சொல்வீர்கள்? ஒருவர் பாஸாகவும் ஒருவர் வீட்டுக்காரராகவும் நடித்துக் காட்டுங்கள்.
4. உங்கள் காணியில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? கீழ் வீட்டுக்காரரிடம் அதைப் பேசியாயிற்றா?

வீடு கட்டத் தொடங்க இருப்பவர்கள் பிளானையும் புதுக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். முதல் பக்கத்தை எழுத உதவி செய்வோம். கணவன் மனைவி இருவரும் வருவது நல்லது. முடிந்தால் பாஸையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.